குமிழ மரப் பெட்டி

ஜனவரி 11

தடுப்பூசி நாள். குழந்தைகளைவிட அம்மாக்கள்தான் அதிகம் அழுதார்கள். குளிர்பெட்டியில் மறுபடியும் ஐஸ் உருகிக் கிடக்கிறது. மோனில் இருக்கும் மாவட்ட ஆஸ்பத்திரிக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். சொன்னால் மட்டும் வந்துவிடப் போகிறதா?

வீட்டுக்கு வந்தால் வாசல் முழுக்க மரச் சுருள். என் வீட்டுக்காரர், பென்ஜும் அப்பா, தாத்தாவின் பெட்டிக்குப் பலகை இழைத்துக்கொண்டிருந்தார். குமிழ மரம். பூச்சி அரிக்காது, கனமும் இல்லை.

"அளவு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"என் தலையை நூல் வெச்சு அளந்துக்கிட்டேன். மனுஷன் தலைதானே, ஆளுக்கு ஆள் என்ன பெருசா மாறிடப் போகுது?"

அந்த நேரம் பார்த்து மன்பொங் அண்ணன் வந்து நின்றான். கிராம சபைத் தலைவர் ஆனதிலிருந்து அவனுக்கு யார் வீட்டு வாசலும் தன் வாசல்தான். "பரவால்லியே, வீட்டோட மாப்பிள்ளைக்கு ஒரு வேலை கிடைச்சிருச்சு! மாப்ளே, எங்க தாத்தாவுக்குச் செய்யறே, யோங்புக் வேலை மாதிரி கோணலா இருந்துடப் போகுது."

"உங்க ஊர்த் தலை நேரா இருந்தா பெட்டியும் நேரா இருக்கும் மச்சான்."

இருபத்தாறு வருடமாக இதே பேச்சு. நான் நர்ஸ் வேலை பார்க்கிற ஊர் என்பதால் என் பிறந்த ஊரான சின்வாங்கிலேயே தங்கிவிட்டோம். ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் யோங்புக் அவருடையது. அதற்காக இன்றுவரை கேலி.

தாத்தா என்று நாங்கள் சொல்வது ஒரு மண்டை ஓட்டை. நூறு வருடத்துக்கு முன்னால் வெள்ளைக்கார அதிகாரி ஒருவன் எங்கள் ஊரிலிருந்து எடுத்துக்கொண்டு போனது. இங்கிலாந்தில் ஒரு அருங்காட்சியகத்தில், கண்ணாடி அலமாரிக்குள் இருந்திருக்கிறார். திருப்பிக் கொடுங்கள் என்று நாகர்கள் எல்லாருமாகச் சேர்ந்து கேட்கத் தொடங்கியபோது, எங்கள் ஊர்தான் முதலில் கை தூக்கியது. நாலு வருடக் கூட்டம், ஜெபம், மனு. யோங்புக் பெயரிலும் அங்கே ஒரு தலை இருக்கிறதாம். அவர்கள் கேட்கவே இல்லை. "சொந்தத் தாத்தாவையே வேண்டாங்கிற ஊரு" என்று அண்ணன் சொல்லாத நாளில்லை.

ஜனவரி 19

ஆராதனை முடிந்ததும் சபை மண்டபத்தில் கணினி வழியே பேசினோம். அருங்காட்சியகத்துப் பெண்மணி மெதுவாகப் பேசினாள். "உங்கள் மூதாதையரை என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் விரும்புகிறீர்கள்?" என்றாள்.

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குக் காரணம் தெரியும். எங்களிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. மலைக்கு நடுவே கோடு போட்டு அந்தப் பக்கம் பர்மா, இந்தப் பக்கம் இந்தியா என்றார்கள், கேட்கவில்லை. அப்பா காலத்தில் பட்டாளம் வந்து தானியக் குடிசைகளைக் கொளுத்தியது, கேட்கவில்லை. நாங்கள் யார் என்று எழுதிவைத்தவர்களும் எங்களைக் கேட்டு எழுதவில்லை. இப்போது ஒருத்தி, "நீங்கள் சொல்லுங்கள்" என்கிறாள்.

அண்ணன் எழுந்து, "அவர் காட்சிப் பொருள் இல்லை. எங்க ஆள். எங்க மண்ணுல படுக்கணும். எங்கே, எப்படின்னு நாங்களே முடிவு பண்ணுவோம்" என்றான்.  என் அண்ணனை அவ்வளவு பிடித்தது எனக்கு.

ஜனவரி 27

புகைப்படங்கள் வந்தன. கிராம சபை உறுப்பினர்களுக்கு மட்டும் திரையில் காட்டினார்கள். நர்ஸ் என்பதால் நானும் இருந்தேன். பென்ஜும் அப்பா இந்த ஊர்க்காரர் இல்லை, அதனால் வரவில்லை. நல்லவேளை.

முன்பக்கப் படம் வந்தது. இரண்டு பேர் அழுதார்கள். பக்கவாட்டுப் படம் வந்தது. யாரும் அழவில்லை.

காதுக்கு மேலே, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. துளை.

ஐம்பது வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் அது புரிந்தது. எங்கள் பெரியவர்கள் கர்த்தரிடம் வருவதற்கு முன்னால், ஊரில் ஒருவர் செத்தால் தலையைத் தனியே எடுத்துக் கழுவி, கல்குழிக்குள் வைத்து, மூன்று வருடம் சோறு படைத்தார்கள். சொந்தத் தலையில் யாரும் துளை போட மாட்டார்கள். துளை எருமைக் கொம்பு செருக. கொம்பு வைப்பது வெட்டிக்கொண்டு வந்த தலைக்கு.

அவர் எங்கள் தாத்தா இல்லை. எங்கள் தாத்தா வெட்டிய ஆள்.

 அண்ணன் திரையை அணைத்துவிட்டு, "மின்சாரம் விட்டு விட்டு வருது, இன்னொரு நாள் பாப்போம்" என்றான். மின்சாரம் நன்றாகத்தான் இருந்தது.

ஜனவரி 28

பெட்டிக்குக் கீல் வைத்துவிட்டார். "எப்படி இருக்கு?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். பார்க்காமலே.

பிப்ரவரி 3

அண்ணன் வீட்டுக்குப் போனேன். அடுப்புக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து சேம்பு உரித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் உரிப்பது வேகமாயிற்று.

"அண்ணே, அது யோங்புக் ஆள்."

"எந்த ஊர்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாத மாதிரி கேக்காதே. சின்ன வயசுல நாம பாடிட்டுத் திரிஞ்சதே அதைத்தானே? ஓடைக்கரையில கூரை ஓலை வெட்ட வந்த யோங்புக்காரன். நாம கடைசியா எடுத்த தலை. அந்த வருஷம்தான் வெள்ளைக்காரன் தண்டிக்க வந்தான், மொரூங்ல தொங்கினதை அள்ளிட்டுப் போனான்."

மொரூங் என்பது அந்தக் காலத்தில் எங்கள் இளைஞர்கள் படுத்துறங்கிய கூடம். வெட்டிய தலையைத் தொங்கவிடுவதும் அங்கேதான்.

"சின்வாங்ல எடுத்ததுன்னு அவங்களே எழுதி வெச்சிருக்காங்க. சின்வாங் பேர்ல வருது. சின்வாங்ல புதைப்போம். முடிஞ்சுது."

"முடிஞ்சுதா?"

அவன் கத்தியைக் கீழே வைத்தான். "ஓலைக்காட்டு எல்லை வழக்கு நடக்குது லெய். இதைச் சொன்னா என்ன ஆகும்? எங்க ஆள் செத்த இடம், எங்க ரத்தம், காடு எங்களுதும்பாங்க. அதுவும் போகட்டும். மோன்ல, கொஹிமாவுல, எல்லார் முன்னாடியும் நான் நின்னு அழுதிருக்கேன். எங்க ஆளு எங்க ஆளுன்னு. இப்போ போய், மன்னிச்சுக்கோங்க, அது நாங்க வெட்டினதுன்னு சொல்லவா? நம்மளை மிருகம்னு எழுதினவன் சிரிக்க மாட்டான்?"

 அவன் அவமானம் எனக்கும்தான்.

அந்த ஓலைக்காடு! இரண்டு ஊரிலும் ஒரு வீட்டுக்குக்கூட இப்போது ஓலைக் கூரை கிடையாது, எல்லாம் தகரம். வழக்கு மட்டும் நடக்கிறது.

வரும் வழியில் ஒன்று நினைவுக்கு வந்தது. புதிதாகக் கொண்டுவந்த தலையின் வாயில் அரிசிக் கள் ஊற்றுவார்களாம். ஊற்றிக்கொண்டே, உன் அம்மா வரட்டும், உன் அப்பா வரட்டும், அண்ணன் தம்பி எல்லாரும் வரட்டும் என்று கூப்பிடுவார்களாம். உபசாரம் இல்லை. அவர்கள் தலையும் இங்கே வந்து சேர வேண்டும் என்றுதான். அவருக்கும் ஊற்றியிருப்பார்கள். ஊற்றியது என் வீட்டுப் பெண்ணாகவே இருக்கலாம்.

பிப்ரவரி 9

பெட்டிக்குள் விரிக்க என் கல்யாணச் சால்வையைக் கேட்டார். "அதுவா?" என்றேன். "நல்லதா ஒண்ணு விரிக்கணும் பென்ஜும் அம்மா. நூறு வருஷம் கண்ணாடி மேல இருந்திருக்காரு."

எடுத்துக் கொடுத்தேன். மடித்து மடித்துப் பார்த்தார். பிறகு, நான் கேட்காமலே, பழைய கதையைச் சொன்னார். முன்பும் சொல்லியிருக்கிறார், நான் அரைக் காதில் கேட்டிருக்கிறேன். அவர்கள் குடும்பக் கல்குழிகளில் ஒன்று காலி. கொள்ளுத் தாத்தாவின் அண்ணனுக்காகச் செதுக்கியது. ஓலை வெட்டப் போனார், உடம்பு மட்டும் வந்தது. தலை இல்லாத உடம்புக்குச் சடங்கு கிடையாது, ஊருக்கு வெளியே தள்ளிப் போட்டார்கள். அந்தக் காலிக் குழிக்கு அவர் அப்பா, ஞானஸ்நானம் வாங்கிய பிறகும்கூட, யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் சோறு வைப்பாராம்.

"அதான் இந்தப் பெட்டியை ஆசையா செய்யறேன்," என்றார். "எங்களுக்குக் கிடைக்கல. உங்களுக்காவது கிடைச்சுதே."

எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். கறுப்புத் தேநீர் கொதித்து வழிந்தது.

பிப்ரவரி 10

சொல்லவில்லை. இன்றும் சொல்லவில்லை. என்ன மனுஷி நான்?

பிப்ரவரி 16

சொல்லிவிட்டேன். சொன்னேன் என்பதுகூடச் சரியில்லை.

உள்ளே ஒரு மரத் தாங்கி வைக்க வேண்டும், தாடை எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும், படம் உன் போனில் இருக்குமே என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாய் வந்தது. அவர் கையில் என் சால்வை இருந்தது. போனைக் கொடுத்துவிட்டேன்.

வெகுநேரம் பார்த்தார். விரலால் படத்தைப் பெரிதாக்கினார். சின்னதாக்கினார்.

"எப்போலேர்ந்து தெரியும்?"

"போன மாசத்துலேர்ந்து."

"எங்க ஊர்க்காரனா?"

"ஆமாங்க."

போனைத் திருப்பிக் கொடுத்தார். இழைப்புளியைத் துடைத்து வைத்தார். மரச் சுருளைக் கூட்டி அள்ளினார். அப்புறம் ஓடைப் பக்கம் இறங்கிப் போய்விட்டார். சாப்பிடவும் இல்லை. பெட்டி வாசலில் திறந்தபடி கிடக்கிறது.

பிப்ரவரி 18

வரவில்லை. போன் எடுக்கவில்லை.

அண்ணன் வந்து கத்தினான். "புருஷனை நம்பி ஊரை வித்துட்டியே!" நானும் கத்தினேன். என்னத்த விக்கறது? நம்ம ஊர்ல விக்கறதுக்கு என்ன இருக்கு, அந்த ரெண்டு ஓட்டையைத் தவிர? நம்ம கதையை நாமளே சொல்லணும், அடுத்தவன் சொல்லக் கூடாதுன்னு ஊர் ஊரா மைக் புடிச்சியே அண்ணே. சொல்லு. அந்த ஓட்டையும் நம்ம கதைதானே? நல்லதை மட்டும் நாம சொல்லி, கெட்டதை வெள்ளைக்காரன் சொல்லணுமா?

அவன் பெட்டியின் மூடியைச் சாத்திவிட்டுப் போனான். பனி இறங்கும் என்று நினைத்திருப்பான். அவனைத் திட்டவும் முடியவில்லை.

பென்ஜும் அப்பா, வந்துடுங்க. திட்டறதா இருந்தா வந்து திட்டுங்க.

பிப்ரவரி 20

வந்தார். கூடவே அவர் அண்ணன் வாங்ஷெம், யோங்புக் சபைப் பெரியவர்கள் மூன்று பேர். நேரே மண்டபத்துக்கு. எங்கள் ஊரே கூடிவிட்டது. சில பேர் கையில் சும்மாவாவது அரிவாள் இருந்தது. நான் வாசலில் நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, களைப்பு. அது போதும் என்று இருந்தது.

அண்ணன் எழுந்தான். சபையில் பேசுகிற குரல் இல்லை. "வர்ற தலை உங்க ஊர்க்காரர். எங்க ஆளுங்க வெட்டினது. தெரிஞ்சும் மூணு வாரமா மறைச்சோம். நான்தான் மறைச்சேன்." அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டான். பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். அபராதம், பன்றி, காடு என்று காதில் விழுந்தது.

வாங்ஷெம் வெற்றிலையை மென்று முடிக்கும்வரை எல்லோரையும் காக்க வைத்தார். "எங்க பாட்டனை நாலு வருஷமா தாத்தா, தாத்தான்னு கூப்பிட்டு அழுதீங்களாமே," என்றார். "நாங்ககூட அவ்வளவு அழுதது இல்ல. சந்தோஷம்."

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. என் அண்ணனாகக்கூட இருக்கலாம்.

பிறகு அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "காட்டுக் கதை கோர்ட்டுல இருக்கட்டும், அதைப் பேச வரல. தூக்கிட்டு வந்தது நீங்க. நீங்களே தூக்கிட்டுப் போய்க் குடுக்கணும். ஊர்லேர்ந்து ஓடைவரைக்கும் கையில. வண்டியில இல்ல. உங்க தலைவர் கையில."

அண்ணன் தலையசைத்தான்.

வீட்டில் இரண்டு பேரும் சாப்பிட்டோம். புகை போட்ட பன்றிக் கறியில் மூங்கில் குருத்து அதிகமாகிவிட்டது. பாத்திரம் கழுவும்போது பின்னால் வந்து நின்று, "நீயே சொல்லியிருக்கலாம்" என்றார். "பயமா இருந்துச்சு." "எதுக்கு?" "நீங்க ஓடையைத் தாண்டிப் போயிடுவீங்கன்னு." "போனேன். வந்துட்டேன்ல?"

அழுதேன். தட்டை வாங்கி அவரே கழுவினார்.

மார்ச் 9

பெட்டிக்கு மெருகு போட்டாயிற்று. மூடியில் என்ன பெயர் செதுக்குவது? அவர் பெயர் யோங்புக்கில் யாருக்கும் நினைவில்லை. வெறுமனே விட்டுவிட்டார். தடவினால் வழவழவென்று இருக்கிறது.

மார்ச் 29

திமாப்பூர். விமான நிலையத்தில் நிறைய நாகர்கள். எங்கள் கொன்யாக் ஆட்கள் மட்டும் இல்லை, எந்தெந்த மலைகளிலிருந்தோ வந்து, தங்கள் சால்வைகளைப் போர்த்தி நின்றார்கள். ஒருவர் மொழி இன்னொருவருக்குத் தெரியாது. நாங்கள் நடந்து வர, வழிவிட்டுத் தலை குனிந்தார்கள். நாம் ஒரு மக்கள் என்று எத்தனையோ மேடையில் கேட்டிருக்கிறேன். இன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

அருங்காட்சியகத்து அட்டைப் பெட்டியிலிருந்து குமிழ மரப் பெட்டிக்கு நான்தான் மாற்றினேன். பிறந்த குழந்தையைத் தூக்கும் அதே பிடி, கை தானாகப் பிடித்தது. பென்ஜும் அப்பா பக்கத்தில் நின்றார். அளவு சரியாக இருந்தது. ஒரு விரல்கூட மிச்சமில்லை.

மார்ச் 30

அசாம் வழியாக வந்து மலை ஏறும் இடத்தில் சோதனைச் சாவடி. எல்லோரையும் இறக்கினார்கள். அண்ணன் கையில் பெட்டி.

"என்ன இருக்கு அதுல?"

"எங்க பெரியவர்," என்றான் அண்ணன்.

திறக்கச் சொன்னான் அந்தச் சிப்பாய். சின்னப் பையன்தான், என் மகன் பென்ஜும் வயது இருக்கும். திறந்தோம். பார்த்ததும் பின்னால் நகர்ந்துவிட்டான். என்ன செய்வதென்று தெரியாமல், பழக்க தோஷத்தில், "அடையாள அட்டை?" என்றான்.

"அதைத்தான் நூறு வருஷமா தேடிட்டு இருந்தோம் தம்பி," என்றேன். "இப்பதான் கிடைச்சுது."

அதிகாரி வந்து காகிதத்தைப் புரட்டி, யாருக்கோ போன் போட்டு, வெயிலில் வெகுநேரம் நிற்க வைத்துத்தான் விட்டார். செத்தும் எங்கள் ஆளுக்குச் சோதனை. அண்ணன் அத்தனை நேரமும் பெட்டியைத் தரையில் வைக்கவில்லை. கை ஓய்ந்தபோது பென்ஜும் அப்பா அடியில் ஒரு கை கொடுத்தார். 

மார்ச் 31

காலையில் சின்வாங்கிலிருந்து ஓடைக்கு நடந்தோம். ஊரே பின்னால் வந்தது. ஓலைக்காட்டில் காற்றே இல்லை. அந்தக் கரையில் யோங்புக் ஊர் மொத்தமும் நின்றது.

அண்ணன் சட்டைப் பையில் இரண்டு பக்கப் பேச்சு எழுதி வைத்திருந்தான், எனக்குத் தெரியும். எடுக்கவில்லை. தண்ணீருக்குள் முழங்கால்வரை இறங்கி நின்றான். மூங்கில் குவளையில் கொஞ்சம் கறுப்புத் தேநீர் கேட்டான், கொடுத்தேன். பெட்டியின் மூடிமேல் ஒரு சொட்டு விட்டான்.

"ஐயா, அன்னிக்கு எங்க ஆளுங்க உங்க வாயில கள்ளை ஊத்தி, அம்மா வரட்டும், அப்பா வரட்டும், அண்ணன் தம்பி எல்லாரும் வரட்டும்னு கூப்பிட்டாங்க. கெட்ட மனசோட கூப்பிட்டாங்க," என்றான். "இதோ, எல்லாரும் வந்திருக்காங்க. அவங்களோட வீட்டுக்குப் போங்க."

 கிழவர்கள் எல்லோருக்கும் அந்த வார்த்தை தெரியும். பெண்கள்தான் முதலில் அழ ஆரம்பித்தோம்.

வாங்ஷெம் தண்ணீரில் இறங்கிப் பெட்டியை வாங்கினார். வாங்கிய கையோடு திரும்பவில்லை. நின்றார்.

"மன்பொங், எங்க ஊர் பேர்லயும் ஒரு தலை அங்க இருக்கு. ஏன் கேக்கலன்னு கேலி பண்ணுவீங்க. அதுலயும் துளை இருக்கும், பாக்காமலே எங்களுக்குத் தெரியும். அது உங்க ஊர் ஆள்னும் தெரியும். அதான் கேக்கல." பெட்டியை மார்போடு சேர்த்துப் பிடித்தார். "இனிமே கேப்போம்."

ஏப்ரல் 5

திருவிழா. கறி, முழவு, கூச்சல். மதியம் பென்ஜும் அப்பாவோடு யோங்புக் போனேன். காலிக் குழியில் அவரை வைத்து மூடியிருக்கிறார்கள். அவர்கள் பாட்டன்தானா, அதே ஊரில் வேறு யாரோவா என்று எந்தப் படமும் சொல்லாது. கேட்டேன். "எங்க ஊர்க்காரன். அது போதும்" என்றார். சட்டைப் பையிலிருந்து இலையில் மடித்த சோற்றை எடுத்துக் கல்லின்மேல் வைத்தார். நான் போதகர் வருகிறாரா என்று பார்த்துக்கொண்டேன்.

மே 4

தடுப்பூசி நாள். ஐஸ் உருகவில்லை, அதிசயம்.

வீட்டுக்கு வந்தால் மறுபடியும் வாசல் முழுக்க மரச் சுருள். யோங்புக் சபையின் மனு போன வாரம் இங்கிலாந்துக்குப் போய்விட்டதாம். அண்ணன் முக்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தான், கேலி இல்லை, அதிகாரம் இல்லை. பென்ஜும் அப்பா நூலை வைத்து அவன் தலையை அளந்துகொண்டிருந்தார்.